பிரிந்திசி ஊரும் பிரிந்திசி சொல்லும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இத்தாலிய விருந்து பற்றிய கட்டுரை படித்தேன். கிளாஸை உயர்த்தி வாழ்த்துவதற்கு அங்கே 'பிரிந்திசி' என்று பெயர், சரி. ஆனால் அது பிரிந்திசி என்ற துறைமுக ஊரிலிருந்து வந்தது என்று எழுதியிருப்பது தவறு. 'உனக்காக இதை ஏந்துகிறேன்' என்கிற மாதிரியான ஒரு ஜெர்மன் பேச்சு, ஸ்பானிய மொழி வழியாக வந்து தேய்ந்து அப்படி ஆனது. ஊரின் பெயரோ ரோமர் காலத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நான் இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு வயதான சின்யோரா (அம்மாள்) வீட்டில் பல வருடம் வேலை செய்தவள். அவருடைய பிறந்தநாளுக்கு என்னையும் மேசையில் உட்கார வைத்தார்கள். குடிக்கிற பழக்கம் இல்லையே என்று தண்ணீர் கிளாஸைத் தூக்கினேன். மேசையே "நோ, நோ!" என்று அலறியது. தண்ணீரால் வாழ்த்தினால் ஆகாதாம். சின்யோரா தன் கையாலேயே எனக்கு இரண்டு சொட்டு வைன் ஊற்றி, உதட்டில் பட்டால் போதும் என்றார். அப்புறம் "செந்தோ தி குவெஸ்தி ஜோர்னி" என்றார்கள்; இப்படி நூறு பிறந்தநாள் வரட்டும் என்று அர்த்தம். நான் எதிரில் இருந்தவருடைய கிளாஸைத் தொடக் கையை நீட்டினேன். பக்கத்தில் இருந்தவருடைய கை குறுக்கே வந்ததும் அவர் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கைகள் சிலுவை போல் குறுக்கிடக் கூடாதாம். எட்டுப் பேரும் ஒருவர் மாற்றி ஒருவராக முட்டி முடிக்கப் பாஸ்தா ஆறிவிட்டது.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது இன்னொன்று: கண். கிளாஸ் முட்டும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். நான் வைன் சிந்திவிடுமோ என்று கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னைப் பார்!" என்று சின்யோரா அதட்டினார். முட்டியபின் ஒரு வாய் குடிக்காமல் கீழே வைத்தாலும் அதட்டல்தான்.

கிளாஸ் முட்டும்போது சொல்லும் 'சலூத்தே' என்றால் ஆரோக்கியம். யாராவது தும்மினாலும் அதையேதான் சொல்வார்கள், நாம் குழந்தை தும்மினால் "நூறு" என்பது போல.

அப்போது சொல்லும் இன்னொரு வார்த்தையான 'சின் சின்' என்பதைச் சுத்தமான இத்தாலியச் சொல் என்று போட்டிருக்கிறீர்கள். அது சீனத் துறைமுகங்களிலிருந்து மாலுமிகள் கொண்டுவந்த உபசாரச் சொல். கண்ணாடி முட்டும் ஓசையோடு பொருந்தியதால் நிலைத்துவிட்டது. ஆனால் ஜப்பானியர்கள் இருக்கும் மேசையில் உங்கள் வாசகர்கள் யாரும் அதைச் சொல்லிவிட வேண்டாம். அங்கே அது சின்னப் பையன்களின் உறுப்பு ஒன்றுக்கு வீட்டில் வழங்கும் செல்லப்பெயர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி