நிலமும் சலுகையும் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய தொழிற்சாலை எந்த மாவட்டத்துக்கு என்ற பேச்சு எழும்போதெல்லாம் நிலத்தின் விலையும் வரிச்சலுகையுமே முன்னிறுத்தப்படுகின்றன. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை அமைந்தபோது, சென்னைத் துறைமுகம் பக்கத்தில் இருந்ததும், அம்பத்தூர், பாடி பகுதிகளில் உதிரிபாகத் தொழில் ஏற்கெனவே வேரூன்றியிருந்ததும் சலுகைகளுக்குச் சற்றும் குறையாத காரணங்கள் என்றே கருதுகிறேன். அந்த ஆலையைச் சுற்றி உதிரிபாக நிறுவனங்கள் பெருகவே, ஒரகடம்வரை அடுத்தடுத்து வந்தவர்களுக்கு அந்த வட்டாரமே வசதியாகிவிட்டது. தூத்துக்குடிக்கு வியட்நாமின் மின்கார் நிறுவனமான வின்ஃபாஸ்ட் வந்ததிலும் துறைமுகத்தின் பங்கு வெளிப்படை. மின்சாரமும் தண்ணீரும் சொல்லாமலே விளங்கும்.

அதிகம் பேசப்படாதது தொழிலாளர் தங்குமிடம். பல்லாயிரம் பெண்கள் ஷிப்ட் முறையில் வேலை செய்யும் மின்னணு ஆலையில், நள்ளிரவில் பணி முடிந்து பாதுகாப்பாகத் திரும்ப ஓர் அறை இல்லையென்றால் ஆட்கள் நிலைக்கமாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் வகையில், தொழிற்பூங்காக்களை அமைக்கும் மாநில அரசு நிறுவனமான சிப்காட் கட்டி, 2024-இல் திறக்கப்பட்ட குடியிருப்பு இதை உணர்ந்ததன் விளைவு (தாமதமாகத்தான்). கங்கைகொண்டான் போன்ற தென்மாவட்டத் தொழிற்பூங்காக்களிலும் இனி மனை ஒதுக்கும்போதே இத்தகைய விடுதிகளையும் இரவுப் பேருந்துகளையும் சேர்த்துத் திட்டமிடுமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

- வாசகர், திருநெல்வேலி