பழுப்பு நிறம் வந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் அறிவியல் பக்கத்தில் மூலிகை நனோ வெள்ளி, அதாவது இலைச்சாற்றால் செய்யும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெள்ளித் துணிக்கை, பற்றிய கட்டுரை படித்தேன். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இலைச்சாற்றை விட்டுப் பழுப்பானால் நனோத் துணிக்கை வந்துவிட்டது என்று முடித்திருந்தீர்கள். 26 வருடம் பாடசாலை ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவியவனுக்கு அந்த இடம் இடிக்கிறது.

என் பெறாமகள் இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்கு இதைத்தான் எடுத்தாள். வேலியோரத்து ஆடாதோடை இலை 10 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மில்லிலீற்றர். கால் மணித்தியாலம் கொதிக்கவைத்து வடித்தாள். முதல் தரம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அலசிய போத்தலை ஈரத்தோடு கொண்டுபோனாள். வெள்ளிக் கரைசலை ஊற்றினதும் பால் விட்டதுபோல் கலங்கிவிட்டது. எங்கள் கிணறு சவர். அதன் குளோரைட்டு வெள்ளியைப் பிடித்துக்கொண்டது. உயர்தரத்தில் படித்த தாக்கம்தான், ஆனால் போத்தல் கழுவும்போது யாருக்கு ஞாபகம் வரும்?

இரண்டாம் தரம் லீற்றருக்கு 0.17 கிராம் வெள்ளி நைத்திரேற்றுக் கணக்கில் கரைசல். அதில் 90 மில்லிலீற்றருக்குச் சாறு 10. பின்னேரத்துக்குள் தேயிலைச் சாயம் போல நிறம். பிள்ளைக்குச் சந்தோசம். "சாறு விடாத போத்தல் எங்கே? வெள்ளி விடாத சாறு எங்கே?" என்றேன், முகம் சுருங்கிவிட்டது. சாறு வைத்திருந்தாலே நிறம் மாறும். வெள்ளி நைத்திரேற்றும் அழுக்கும் வெளிச்சமும் சேர்ந்தால் கறுக்கும்; என் விரல் நுனிகள் எத்தனை நாள் கறுத்துக் கிடந்தன!

மூன்றாம் தரம் மூன்று போத்தல்: வெள்ளி மட்டும், சாறு மட்டும், இரண்டும் சேர்ந்தது. மூன்றும் இருட்டில். சேர்ந்தது ஒன்றுதான் பழுப்பானது. எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலைமானியில் அதற்கு 430 நனோமீற்றர் பக்கம் ஒரு மேடு வந்தது. வெள்ளித் துணிக்கையின் இலத்திரன்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வதால் வருவது. அப்போதுதான் நானும் சரி என்றேன். அதுவும் பருமனைத் திட்டமாகச் சொல்லாது. பளிங்கு வெள்ளிதானா என்பதற்கு எக்ஸ் கதிர்ச் சோதனையில் 38 பாகைக்குக் கிட்ட உச்சி வரவேண்டும், பருமனுக்கு இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். மாதிரி வெளியூர் போயிருக்கிறது, அவள் காத்திருக்கிறாள்.

அப்புறம், வீட்டிலேயே செய்து குடிக்கலாம் என்ற தொனியில் ஒரு வரி. தொடர்ந்து வெள்ளி உள்ளே போனால் தோல் நீலச் சாம்பலாகும், அந்த நிறம் திரும்பாது. அடுத்த ஞாயிறு அந்த வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளர்,
உப்புவெளி, திருகோணமலை.