‘தானே’ போடாமல் கேட்பது

ஸ்காபரோ

அன்பின் சுகி,

நலம், நலமறிய ஆவல். பிரம்ப்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இளையோர் மனநலப் பயிற்சி வைக்கப் போவதாக எழுதியிருந்தீர். அனுப்பின ஸ்லைடுகளை வடிவாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெட்ட வேணும், கோபிக்காதையும்.

முதலில் சொற்கள். ‘சுயபராமரிப்பு’ வருகிற இடமெல்லாம் அடித்துவிடும். படுக்கையில் கிடக்கிற ஆளைப் பற்றிச் சொல்வது போலக் கேட்கிறது. ‘எல்லைகளை வகுத்தல்’ என்றால் எங்கட சனம் வேலிச் சண்டை என்றுதான் நினைக்கும். இவற்றைவிடச் சிக்கலானது ‘மன அழுத்தம்’. பரீட்சை டென்ஷனுக்கும் அதே சொல், டிப்ரெஷனுக்கும் அதே சொல். “என்ர பிள்ளைக்கும் மன அழுத்தம்தான், சோதினை முடியச் சரியாயிடும்” என்று ஒரு தாய் சொன்னால், எதைச் சொல்கிறா என்று உமக்கும் விளங்காது, அவவுக்கும் விளங்காது. டிப்ரெஷனை மனச்சோர்வு என்று பிரித்து, அளவையும் சேர்த்துச் சொல்லும்: இரண்டு கிழமையாவது, அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி கவலை, அல்லது முன்பு விரும்பினதில் பிடிப்பில்லாமை, அதோடு நித்திரை, சாப்பாடு, படிப்பு குழம்புவது.

பதின்ம வயதில் கவலை தெரியாமல் எரிச்சல் மட்டும் தெரியலாம். எங்கட வீடுகளில் அதற்குப் பெயர் ‘வாய் காட்டுறது’. வருத்தம் இருக்கிற பிள்ளைக்குப் பேச்சும் தண்டனையும் கிடைப்பது இதனால்தான். இந்த ஒரு விஷயத்துக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கும். தலையிடி, வயிற்றுநோ, நெஞ்சுப் பாரம் என்று குடும்ப வைத்தியரிடம் போகிற பிள்ளைகளையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளும். உடம்பு நோவுக்கு டொக்டரிடம் போக ஒருவரும் வெட்கப்படுவதில்லை. அந்த அப்பொயின்ட்மென்ட்டிலேயே நித்திரையைப் பற்றியும் மனநிலையைப் பற்றியும் சொல்லப் பெற்றோரைப் பழக்கலாம்.

நீர் அடிப்படையாக எடுத்திருக்கிற மனநல முதலுதவி முறை 2000இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கியது. அதன் ஐந்து படிகள் நல்லவை: அணுகி ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது, தீர்ப்புச் சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்பது, ஆதரவும் தகவலும் கொடுப்பது, தொழில்முறை உதவிக்கு ஊக்குவிப்பது, மற்ற ஆதரவுகளையும் சேர்ப்பது. கோயில், நேர்த்தி, அம்மம்மாவின் மடி எல்லாம் அந்த ஐந்தாம் படிக்குள் வரும். அவற்றைப் பகிடி பண்ணினால் அடுத்த கிழமை பாதிச் சனம் வராது. நேர்த்தியும் வைக்கட்டும், டொக்டரிடமும் போகட்டும்.

எங்கட ஆட்கள் இடறுவது இரண்டாம் படியில். இருவர் இருவராக இருத்தி, ஒருவர் மூன்று நிமிஷம் கதைக்க மற்றவர் அறிவுரை சொல்லாமல் கேட்க வேணும் என்று வையும். ஒரு நிமிஷத்துக்குள் “நாங்கள் பங்கருக்குள்ள குப்பி விளக்கில படிச்சனாங்கள்” என்று யாரோ தொடங்குவார். அவரை வெட்கப்படுத்தாதையும், அது பெருமை மட்டுமில்லை, ஆறாத புண்ணும்தான். ஊரில் 83 கலவரத்தையும் 2009 போரையும் கண்ட ஆட்கள் அங்கே இருப்பினம். சிலருக்கு அழுகை வரும். அதனால் நடத்துவதற்கு இரண்டு பேரும், பக்கத்தில் ஒரு வெறும் அறையும் கட்டாயம். ஒரு குழுவில் 15 பேருக்கு மேல் எடுக்காதையும்.

இனி, ஸ்லைடில் ஒரே வரியில் கடந்துபோன விஷயம்: தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பது. கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் எப்படிக் கேட்பது? ஒத்திகையில் பத்தில் எட்டுப் பேர் “அப்பிடி ஒண்டும் யோசிக்கேல்லைத்தானே?” என்றுதான் கேட்பினம். அந்தத் ‘தானே’ பிள்ளையின் வாயில் ‘இல்லை’யை வைத்துவிடுகிறது. ‘தானே’யை எடுத்துவிட்டு, “செத்துப்போக வேணும் எண்ட எண்ணம் வருதா?” என்று கேட்கப் பழக்கும். பிள்ளைக்கு ஆங்கிலம்தான் வாயில் வருமென்றால் “சூசைட் பற்றி யோசிக்கிறியா?” என்று கலந்து கேட்டாலும் பிழையில்லை. ஒவ்வொருவரும் வாய்விட்டு மூன்று தரமாவது சொல்ல வேணும். முதல் தரம் தொண்டை அடைக்கும், மூன்றாம் தரம் வரும்.

‘ஓம்’ என்று பதில் வந்தால்: எப்படி என்று யோசித்திருக்கிறாயா, அதற்கானது கையில் இருக்கிறதா, எப்போது. இவை தெளிவாக இருந்தால் தனியே விடக்கூடாது. தற்கொலை நெருக்கடிக்கான உதவி எண் 9-8-8, இல்லாவிட்டால் அவசர எண் 911. 9-8-8 கனடா முழுக்க 2023 நவம்பர் 30இல் தொடங்கினது. 24 மணித்தியாலமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆனால் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். பிள்ளைக்குச் சரி, தாய்க்கு எப்படி? நான்கு ஆங்கில வசனத்தை அட்டையில் எழுதிக் கொடுத்து வாசிக்கப் பழக்கும். வீட்டில் தாத்தா பாட்டியின் மாதக்கணக்கு மருந்துகளைப் பூட்டிவைக்கவும், மிஞ்சினதை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்கவும் சொல்லும்.

“ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்” என்று சத்தியம் பண்ணுவது அடுத்த பிழை. இப்படிச் சொல்லலாம்: “நீ சொல்றது ஊருக்குப் போகாது. உன்ர உயிருக்கு ஆபத்தெண்டா மட்டும் நான் தனிய வைச்சிருக்க மாட்டன். ஆருக்குச் சொல்றதெண்டு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவெடுப்பம்.” கிளினிக்கில் பிள்ளையையோ மச்சாளையோ மொழிபெயர்க்க விடவேண்டாம் என்பதையும் இதோடு சொல்லும். தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் தெரிந்த முகம் என்ற பயம் குறையும்.

சட்டம் சுருக்கமாகப் போதும், ஆனால் சரியாக. ஒன்ராறியோவில் 12 வயது முடிந்த பிள்ளை தன் சம்மதத்தோடு மட்டும் கவுன்சலிங் பெறலாம். 16க்குக் குறைவென்றால் பெற்றோரைச் சேர்ப்பது பற்றிப் பிள்ளையோடு கதைப்பது கவுன்சலரின் கடமை. 16க்குக் குறைந்த பிள்ளை துன்புறுத்தப்படுவதாக நியாயமான சந்தேகம் வந்தால் பிள்ளைகள் பாதுகாப்பு அமைப்பான சில்ரன்ஸ் எய்டுக்குச் சந்தேகம் வந்த ஆளே நேரடியாக அறிவிக்க வேணும். அதிபரிடம் சொன்னதோடு முடியாது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடும். பிறகு சொன்னால் பொறி வைத்தது போலாகும்.

உம்முடைய குழுவில் பஞ்சாபி, குஜராத்திப் பெற்றோரும் வருவார்கள் என்றால் இந்த வசனங்களைத் தமிழிலிருந்து பெயர்த்துக் கொடுக்காதையும். அவர்களில் இரண்டு பேரை முன்கூட்டியே இருத்தி, அவர்கள் வீட்டுப் பேச்சில் எழுதச் சொல்லும். ‘தெற்காசியர்’ என்பது படிவத்தில் டிக் போடுகிற பெட்டிதான், வீட்டில் ஒருவரும் அப்படிக் கதைப்பதில்லை.

தேத்தண்ணியைக் கடைசியில் வைக்காமல் நடுவில் வையும். வடை முடிந்தவுடன் சனம் காருக்குப் போய்விடும். அந்த இருபது நிமிஷமும் ஸ்லைடைச் சரிபார்த்துக்கொண்டு நிற்காமல் கெட்டிலடியில் நில்லும். “என்ர சிநேகிதியின்ர மகனுக்கு…” என்று தொடங்கி யாராவது வருவினம். ‘எந்தச் சிநேகிதி’ என்று மட்டும் கேட்டுவிடாதையும்.

அன்புடன்,
வதனி