பின்வளவில் கூழ் காய்ச்சிய நாளுக்கு ஒரு நன்றி மடல்

உற்றார் உறவினருக்கும், நண்பர்களுக்கும், எமது தெருவின் அயலவர்களுக்கும் வணக்கம்.

ஓகஸ்ட் மாத நீண்ட வார விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமையன்று, ஸ்காபரோவிலுள்ள எமது வீட்டின் பின்வளவில், அப்பாவின் 80ஆவது பிறந்தநாளை முன்னிட்டு பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் சேர்த்துச் செய்யும் ஒடியல் கூழ் காய்ச்சினோம். ஏறத்தாழ 60 பேர் வந்திருந்தீர்கள். வழியனுப்பும்போது வாசலில் நின்று சொன்ன நன்றி போதவில்லை என்று அன்றிரவே எங்களுக்குத் தோன்றியது. அந்தப் பானைக்குள் யார் யாருடைய உழைப்புச் சேர்ந்திருந்தது என்பதை உங்களில் பலர் அறியாமலே சென்றிருக்கிறீர்கள். ஆகவே அதை எல்லோரும் அறியும்படி எழுதுகிறோம்.

பிறந்தநாளுக்கு என்ன செய்யலாம் என்று சித்திரை மாதத்தில் கேட்டபோது, "மண்டபமும் வேண்டாம், கேக்கும் வேண்டாம், எல்லாரும் சுத்தி இருந்து ஒருக்காக் கூழ் குடிச்சால் காணும்" என்றார் அப்பா. 1995 ஐப்பசியில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது நாங்கள் விட்டு வந்த வீட்டில், வேப்பமரத்தடியில் மூன்று கல் வைத்து, மாதத்தில் ஒரு ஞாயிறாவது கூழ்ப் பானை ஏறும். கனடாவுக்கு வந்தபின் அம்மா சமையலறை அடுப்பில் சிறிய சட்டியில் காய்ச்சித் தந்ததுண்டு. அம்மா மறைந்தபின் அதுவும் நின்றுவிட்டது. திறந்த வெளியில் பலர் கூடிநின்று காய்ச்சுவதைத்தான் அப்பா கேட்கிறார் என்பது எங்களுக்கு உடனே விளங்கியது.

முதற்கவலை நெருப்பைப் பற்றியதாக இருந்தது. ரொறன்ரோ மாநகரில் வீட்டு வளவுக்குள் விறகு மூட்டி எரிக்க அனுமதியில்லை. கோயில் அன்னதானத்துக்குச் சமைத்துப் பழகிய எங்கள் மாமா, தமது இரண்டு புரொப்பேன் அடுப்புகளையும் 40 லீற்றர் கொள்ளும் பானையையும் வாகனத்தில் ஏற்றிவந்து, வேலிக்கும் மரமேடைக்கும் எட்டத்தில் நிலம் மட்டமாக உள்ள இடம் பார்த்து வைத்தார். குழாய் மூட்டுகளில் சவர்க்கார நீரைப் பூசி, குமிழி எழவில்லை என்று கண்ட பின்னரே தீ மூட்ட விட்டார். சிறுவர்கள் அண்டாதபடி சுற்றிவரக் கயிறு கட்டியவரும் அவரே.

பெரியம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியலாகும். அதை இடித்தெடுத்த மாவில் ஒரு கசப்பு இருக்கும். அந்தக் கசப்பைப் போக்கப் பெரியம்மா காலை ஐந்து மணிக்கே வந்து, 2 கிலோ மாவை வாளியில் கரைத்து, அது அடியில் உறையும்வரை காத்திருந்து, மேலே தெளிந்த நீரை மெதுவாக வடித்து, மறுபடியும் நீர் விட்டு, இப்படியே மூன்று முறை செய்தார். மூன்றாம் முறை அந்த நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இனிச் சரி" என்றார். யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழாக் கொடியேறி ஒரு கிழமையும் ஆகாத நாள் அது. திருவிழாவின் 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி) தொடாதவர் அவர். விடுமுறையைப் பார்த்து நாள் குறித்த நாங்கள் பஞ்சாங்கத்தைப் பார்க்கத் தவறியதை அவர் ஒரு சொல்லாலும் குறையாகச் சொல்லவில்லை. தாம் வாயில் வைக்கமாட்டாத பானைக்கும் சேர்த்தே மாவைப் பதப்படுத்தித் தந்தார்.

அவரைப் போல் விரதம் காத்தவர்களுக்காக அண்ணியின் தாயார் வளவின் மறுபக்கத்தில் சைவக் கூழை ஏற்றினார். பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, முருங்கை இலை எல்லாவற்றையும் தம் வீட்டிலேயே வெட்டி, தமது அகப்பையையும் கொண்டுவந்தார். நண்டும் இறாலும் ஒவ்வாத பிள்ளையின் தாயார் இரு கிழமைக்கு முன்னரே தொலைபேசியில் அதைத் தெரிவித்தது பேருதவி. அந்தப் பிள்ளையும் இந்தப் பானையிலேயே தயக்கமின்றிக் குடித்தது. மீன்தலை, நண்டு, இறால், கணவாய் அனைத்தையும் விடியலில் வாங்கித் துப்புரவாக்கி ஐஸ் பெட்டியில் வைத்துத் தந்த மச்சான்மார் இருவருக்கும் எமது நன்றி.

கூழைப் பனையோலைப் பிளாவில் குடிப்பதே ஊர் வழக்கம். இங்கே ஓலைக்கு எங்கே போவது? சிரட்டையில் கொடுக்கலாம் என்று சொன்னவர் மச்சாள். அவர் சித்திரை தொடக்கம் வீடு வீடாகச் சொல்லிவைத்து, கண் உள்ள பாதி ஒழுகும் என்பதால் கண் இல்லாத பாதிகளை மட்டும் சேர்த்தார். ஓய்வுபெற்ற தச்சரான எமது தெருப் பெரியவர் ஒருவர் 70 சிரட்டைகளையும் நார் போகச் சுரண்டி, விளிம்பு உதட்டைக் கீறாதபடி ஒவ்வொன்றாக உரசி மழமழப்பாக்கித் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மாவைக் கரைத்து ஊற்றிய வேளையில்தான் பெரிய அடுப்பின் தீ தணிந்து அணைந்தது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் சூடு குறைந்தால் மா அடியில் இறுகிக் கட்டியாகிவிடும். வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் நாட்டு அயலவர், நாங்கள் கேட்பதற்கு முன்னரே தமது பார்பிக்கியூ அடுப்பின் சிலிண்டரைக் கழற்றித் தூக்கிவந்தார். மாமா அதைப் பூட்டி முடிக்கும்வரை, உட்காரச் சொல்லியும் கேளாமல் அப்பா பானையருகே நின்று இரண்டு கையாலும் அகப்பையைப் பிடித்துத் துழாவிக்கொண்டே இருந்தார். கூழில் ஒரு கட்டிகூட விழவில்லை. பின்னர் அந்த அயலவர் சிரட்டையைக் கையில் வாங்கி, தமது பாட்டி வீட்டிலும் சிரட்டை அகப்பை இருந்தது என்று சொல்லிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் அமர்ந்து குடித்தார். இருவருக்கும் பொதுவாக நாலைந்து ஆங்கிலச் சொற்களே இருந்தன. அப்பா நண்டுக்காலை உடைத்து எப்படி உறிஞ்சுவதென்று அவருக்குக் காட்டிக்கொண்டிருந்ததை எங்களில் பலர் பார்த்தோம். அன்று அப்பா மூன்று சிரட்டை குடித்தார். நெடுநாளாக ஒரு கிண்ணம் கஞ்சியைக்கூட முழுதாகக் குடிக்காதவர் அவர்.

மேசை கதிரை தந்தவர்களுக்கும், நிழலுக்குக் கூடாரம் கட்டிய பெறாமக்களுக்கும், இருட்டும்வரை நின்று பானை தேய்த்த சகோதரிகளுக்கும், வாகனங்கள் நிறைந்த அந்த நாளைப் பொறுத்துக்கொண்ட தெருவாருக்கும் எங்கள் நன்றி உரியது.

சிரட்டைகளைக் கழுவிக் காயவைத்து நிலவறையில் பத்திரமாக வைத்திருக்கிறோம். தேவைப்படுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நீலக் கைப்பிடி போட்ட ஒரு கத்தியும், மூடியில்லாத இரண்டு சட்டிகளும், நீண்ட காம்புள்ள ஓர் அகப்பையும் எங்களிடம் தங்கிவிட்டன. உரியவர்கள் எடுக்க வரும்போது அப்பா வீட்டில் இருக்கும் பின்னேரமாகப் பார்த்து வாருங்கள். தேநீர் ஊற்றித் தருவதற்கு அவர் காத்திருக்கிறார்.

நன்றியுடன்,
அப்பாவின் பிள்ளைகள் மூவரும், மருமக்களும், பேரப்பிள்ளைகளும்