மவுண்ட் ரோடுன்னா எல்.ஐ.சி. மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பத்திரிகைல மெட்ராஸ் மவுண்ட் ரோடு, அதாவது இப்ப அண்ணா சாலை, அங்க இருக்கற பழைய கட்டிடங்கள் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், போட்டோல்லாம் சூப்பர், ஆனா பாதிப் பக்கத்த எல்.ஐ.சி.யே சாப்பிட்டுடுச்சு சார். பதினாலு மாடின்னு ஊரே சொல்ற கட்டிடம், 1959ல தெறந்தாங்க, 1975ல தீப்பிடிச்சுது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. தெரியாத விஷயம், அதை ஆரம்பிச்சு வச்ச எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1954 சிங்கப்பூர் விமான விபத்துல போயிட்டார், கட்டி முடிச்சத பாக்கவே இல்ல, அப்புறம் 1956ல அவரோட கம்பெனியோட சேர்த்து லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனிங்க எல்லாம் அரசாங்கத்துக்குப் போனப்போ கட்டிடமும் கூடவே எல்.ஐ.சி. கைக்குப் போச்சு. இத ஒரு வரி எழுதிருக்கலாம்.

அத விடுங்க. எனக்கு நிஜமான வருத்தம் எலெக்ட்ரிக் தியேட்டர விட்டதுதான். அண்ணா சாலை தலைமை தபால் ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ள ஸ்டாம்ப் கலெக்ட் பண்றவங்களுக்குன்னு ஒரு பிரிவு இருக்கே, அந்தக் கட்டிடம்தான். 1913ல வார்விக் மேஜர்ங்கறவர் சினிமா காட்டறதுக்குன்னே கட்டினது, அப்போ மத்த எடத்துல டென்ட் அடிச்சும் ஹால் வாடகைக்கு எடுத்தும் படம் ஓட்டிட்டு இருந்தாங்க. ரெண்டே வருஷத்துல, 1915ல, தபால் இலாகா வாங்கிடுச்சு. சினிமா கொட்டாய்க்கு அவ்ளோதான் ஆயுசு, ஆனா தபால்காரங்க கைல போனதாலதான் கட்டிடம் பொழச்சுதுன்னு நான் நெனைக்கிறேன். ஏன்னா எலெக்ட்ரிக் தியேட்டர் வந்த அடுத்த வருஷமே, 1914ல, ரகுபதி வெங்கையா கட்டின கெயிட்டி, மெட்ராஸ்ல இந்தியர் ஒருத்தர் கட்டின முதல் தியேட்டர், அது கடைசி வரைக்கும் தியேட்டராவே ஓடி இடிபட்டே போச்சு. சினிமாவ தலைல வச்சு கொண்டாடற ஊரு சார் இது!

அப்புறம் ஹிக்கின்பாதம்ஸ். 1844ல ஆரம்பிச்ச புத்தகக் கடை, இப்ப இருக்கற கட்டிடம் 1904. பேரு மட்டும் ஒரு வரில போட்டு தாண்டிட்டீங்க. உள்ள போனா கறுப்பும் வெள்ளையுமா கட்டம் போட்ட தரை, அண்ணாந்து பாக்கற ஒசரத்துல கூரை, வெளிய ரோட்டுல வெயில் கொளுத்தும்போது உள்ள நுழைஞ்சா அந்த ஒசரம் எதுக்குன்னு தானா புரியும். புக்கு வாங்கலன்னாலும் யாரும் வெரட்ட மாட்டாங்க.

பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம் பத்தி எழுதினது நல்லா இருந்துச்சு, ஆனா டபிள்யூ.ஈ. ஸ்மித்ங்கற மருந்துக் கம்பெனிக்காக 1897ல வந்ததுங்கறதோட நிறுத்திட்டீங்க. 2006ல அத இடிக்க ஆரம்பிச்சு, பழைய கட்டிடங்கள காப்பாத்தப் பாடுபடற இன்டாக் அமைப்பு ஆளுங்க கோர்ட்டுக்குப் போய் நிறுத்தினாங்களே, அதுதானே முக்கியம்? பழைய ஸ்பென்சர் கடைக் கட்டிடம் தீயில போச்சு, பி.ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடைல பின்பக்கம் மெட்ரோ வேலைக்காக இடிபட்டுச்சு, முன்பக்கக் கட்டிடம் மணிக்கூண்டோட இருக்கு. எது போச்சு எது மிச்சம்னு சேர்த்துச் சொன்னாதான் படிக்கறவனுக்கு உறைக்கும்.

அடுத்த பகுதி வரும்னு போட்டிருக்கீங்க. அதுல இப்பவும் உள்ள போய் பாக்க முடியற கட்டிடங்கள தனியா எழுதுங்க, எந்த ஸ்டாப்ல எறங்கணும், என்னிக்கு லீவுன்னு சின்னதா ஒரு பெட்டிச் செய்தியும் போடுங்க. ஸ்கூல் பசங்கள கூட்டிட்டுப் போறவங்களுக்கு உதவும். தபால் ஆபீஸ்காரங்க கிட்டயும் உங்க பத்திரிகை மூலமா ஒண்ணு கேட்டுக்கறேன், இது 1913ல சினிமா தியேட்டரா இருந்துச்சுன்னு ரோட்டுல நடக்கறவங்க கண்ணுல படற மாதிரி தமிழ்ல பெருசா ஒரு போர்டு வைங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிந்தாதிரிப்பேட்டை