திரைப்படக் கழகத்தின் ஆண்டறிக்கை: ஆனந்த் பட்வர்தன் படங்களின் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டுத் திரையிடல்கள் ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் அவர்களின் படங்களுக்கே ஒதுக்கப்பட்டன. 1950இல் மும்பையில் பிறந்த அவர், ஜெயப்பிரகாஷ் நாராயணின் பீகார் இயக்கத்தைப் படம்பிடித்துத் தொடங்கிய பணி, அரசியல் கைதிகள், குடிசைவாசிகள், மதவெறி, அணு ஆயுதம், சாதி என விரிந்து அரை நூற்றாண்டாகத் தொடர்கிறது.

படத்தை எடுத்து முடிப்பது போலவே, அதை மக்கள் பார்க்க வைப்பதும் அவருக்குப் பெரும் போராட்டமாக இருந்திருக்கிறது. அயோத்தி பற்றிய ‘ராம் கே நாம்’ தேசிய விருது பெற்றும், உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. ‘ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்’ படத்துக்காக நடந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2006இல்தான் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அணுகுண்டுச் சோதனைகளை விமர்சித்த ‘வார் அண்ட் பீஸ்’ படத்தில் தணிக்கை வாரியம் கேட்ட வெட்டுகளை அவர் ஏற்க மறுத்தார். 2003இல் மும்பை உயர்நீதிமன்றம் ஒரு வெட்டும் இன்றி அதை அனுமதித்தது. கருத்துரிமையைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் இவ்வழக்குகளை அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உறுப்பினர்களை மிகவும் பாதித்தது ‘ஜெய் பீம் காம்ரேட்’. மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை அணிவிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது 1997 ஜூலை 11 அன்று காவல்துறை சுட்டதில் பத்துப் பேர் இறந்தனர். அந்த வேதனை தாளாமல் சில நாள்களில் உயிரை மாய்த்துக்கொண்ட பாடகர் விலாஸ் கோக்ரே, குடிசைகள் இடிக்கப்படுவதைப் பதிவுசெய்த ‘பம்பாய் அவர் சிட்டி’ படத்தில் 1985இலேயே பட்வர்தனுக்காகப் பாடியவர். தாம் அறிந்த அந்தக் கலைஞரின் மரணத்திலிருந்து தொடங்கி, தலித் பாடகர்களையும் கவிஞர்களையும், நீண்டு சென்ற வழக்கையும் பதினான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து அவர் இப்படத்தை 2011இல் முடித்தார். இத்தனை பொறுமை ஒரு செய்தியாளருக்கு வாய்ப்பதில்லை; அந்த மக்களோடு உறவு வைத்திருப்பவருக்கே வாய்க்கும். படம் முடிந்தபின் நடந்த கலந்துரையாடலும் பாடல்களைப் பற்றியே நெடுநேரம் நீண்டது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

2018இல் ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் முதல் பரிசு பெற்ற ‘விவேக்’ ஏறத்தாழ நான்கு மணிநேரப் படமாதலால், வரும் ஆண்டில் அதனை இரண்டு மாலைகளில் திரையிடச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்