மலைப்பாதையில் கேரவன் டிரெய்லர்: அடிவாரத்திலேயே பிரேக்கைச் சோதிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய கேரவன் டிரெய்லரைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் இப்போது அங்கொருவர் இங்கொருவராகத் தென்படுகிறார்கள். சேலத்தில் பிரேக் வேலை பார்க்கும் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில், இவர்களின் எண்ணிக்கை பெருகுவதற்கு முன்பே அடிவாரத்தில் செய்தாக வேண்டிய ஓர் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

"என் வண்டி இதை இழுத்துக்கொண்டு மலை ஏறுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் குறித்துள்ள இழுவை எடைக்குள் டிரெய்லர் இருந்தால், இன்றைய டர்போ டீசல் பிக்கப்புகள் தாராளமாக ஏறிவிடும். இறங்கும்போது நிற்குமா என்பதை யாரும் கேட்பதில்லை. பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து 4,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஆயிரம் மீட்டர் உயரம் கீழே வருவதற்குள் வெளிப்படும் ஆற்றல், சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இரண்டாவது கியரில் இறக்கினால் அதில் ஒரு பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி பிரேக்கில்தான் சூடாக ஏறும்.

டிரெய்லரில் தனி பிரேக் இருப்பதாலேயே கவலை தீர்ந்துவிடுவதில்லை. முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ள, அந்தத் தள்ளுதலில் கொக்கித் தண்டு உள்ளே அமுங்கித் தன் சக்கரங்களின் பிரேக்கைத் தானே பிடிக்கிற வகை ஒன்று உண்டு. சமதளச் சாலைக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால், நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால், ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்காமல் கீழ்க் கியரில் பொறுமையாக வந்தாலும், பின்னால் லைனர், அதாவது சக்கரத்தின் டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் பிரேக் பட்டை, தேய்ந்துகொண்டேதான் வரும். அப்படி இறங்கிய டிரெய்லர் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. டிரம்மைக் கழற்றினால் உட்புறம் நீலம் பாரித்திருந்தது. லைனர் கண்ணாடி போல் வழவழத்துப் பிடிப்பே இல்லாமல் போயிருந்தது. உரிமையாளருக்கு வழியில் லேசான கருகல் வாடை வந்ததைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கட்டுப்படுத்தும் மின் பிரேக்தான் இத்தகைய இறக்கத்துக்கு நல்லது. அதை விட்டுவிட்டுப் பிடிக்கலாம், சூடு ஆற இடைவெளி கிடைக்கும்.

அதே டிரெய்லரில் தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது. நூறு லிட்டர் நிரப்பினால் நூறு கிலோ வால்பக்கம் அழுத்தும், கொக்கியின் மேல் விழும் எடை குறைந்துவிடும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இருப்பது பொதுவான வழக்கம்; அது குறைந்தால் வேகமெடுக்கும்போது டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, முன்வண்டியையும் சேர்த்து அலைக்கழிக்கும். மலையை விட நான்குவழிச் சாலையில்தான் இந்த ஆபத்து அதிகம் என்பதால் இதற்குமேல் விவரிக்கவில்லை.

கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரின் சக்கரம் முன்வண்டியின் தடத்தில் வராமல் உட்பக்கம் குறுக்கே வெட்டும். அதனால் எதிர்த் தடத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதி இருந்தாலும், வளைவின் நடுவில் பேருந்தைச் சந்தித்துவிட்டால் டிரெய்லரைப் பின்னெடுப்பது பழகிய கைக்கே சிரமம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 61-ஆவது பிரிவு டிரெய்லரின் பதிவைப் பற்றியும் சொல்கிறது. எனவே அடிவாரம், குப்பனூர் ஆகிய இரு வழிகளிலும் பதிவெண்ணைப் பார்ப்பதோடு, டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டா, அது பிடிக்கிறதா, கொக்கி கழன்றாலும் தாங்கும்படி பாதுகாப்புச் சங்கிலிகள் குறுக்காக மாட்டப்பட்டுள்ளனவா என்பதையும் பார்த்து அனுப்ப வேண்டும். தேறாதவற்றையும், கோடை விழா நாட்களில் எல்லா டிரெய்லர்களையும், அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டுப் பிக்கப்பில் மட்டும் மேலே செல்லும்படி காவலுள்ள ஓர் இடம் ஒதுக்கலாம். அங்கே தண்ணீர் பிடிக்கவும், கழிவுத் தொட்டியை முறையாகக் காலி செய்யவும், இரவு தங்கவும் வசதி இருக்க வேண்டும். வெறும் பொட்டலாக விட்டால் டிரெய்லரை அங்கே விட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
பிரேக் பட்டறை நடத்தும் வாசகர்,
சேலம்.